ஆர்.வி. வயரிங்குக்கு எந்த பிரேக்கர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பழைய டிரெய்லரோ மோட்டார் ஹோமோ (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகள், சுருக்கமாக ஆர்.வி.) வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். பலரும் 230 வோல்ட்டில் வளர்ந்தவர்கள், 120 வோல்ட் வண்டி அவர்களுக்குப் புதிது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்து வைத்தால் பயன்படும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனலைத் திறப்பதற்கு முன் வெளிக்கேபிளைக் கழற்றுங்கள், ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள், அப்புறம் மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் ஆர்.வி. டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

1. பிரேக்கர் எதைக் காப்பாற்றுகிறது? ஏ.சி.யையா, மைக்ரோவேவையா?

சுவருக்குள் ஓடும் வயரை. வயர் தாங்குவதைவிட அதிகக் கரன்ட் தொடர்ந்து ஓடினால் செம்பு சூடாகும், மேலுறை உருகும். ஆர்.வி.யின் சுவரில் செங்கல்லோ சிமென்டோ கிடையாது. மெல்லிய பிளைவுட்டும் ஃபோமும் மரச்சட்டமும்தான். தீப்பிடித்தால் அணைக்க நேரம் இருக்காது, இறங்கி ஓடத்தான் நேரம் இருக்கும். ஆகவே பிரேக்கர் வாங்கப் போகும் முன் முதலில் பார்க்க வேண்டியது வயரைத்தான்.

நண்பர் ஒருவர் வாங்கிய பழைய டிரெய்லரில் மைக்ரோவேவ் லைனுக்கு 20 ஆம்ப் பிரேக்கர் இருந்தது, உள்ளே போன வயரோ 15 ஆம்ப் மட்டும் தாங்கும் 14 கேஜ். பழைய பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று முன்பு வைத்திருந்தவர் பெரிதாக மாற்றியிருக்கிறார். பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது பின்பக்கப் பலகை பழுப்பேறியிருந்தது. குழந்தைகள் படுக்கும் பங்க் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அன்றிலிருந்து யார் பழைய வண்டி வாங்கினாலும் பேனல் மூடியைத் திறந்து, ஒவ்வொரு பிரேக்கருக்கும் அதிலிருந்து கிளம்பும் வயருக்கும் பொருத்தம் பார்க்கச் சொல்கிறேன்.

2. சரி, எந்த வயருக்கு எத்தனை ஆம்ப்?

செம்பு வயருக்கு அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்.இ.சி. வைக்கும் உச்சவரம்பு இது: 14 கேஜ் என்றால் 15 ஆம்ப், 12 கேஜ் என்றால் 20, 10 கேஜ் என்றால் 30. நம் ஊரில் சதுர மில்லிமீட்டர் கூடக்கூட வயர் தடிக்கும். இங்கே கேஜ் எண் குறையக்குறையத்தான் தடிக்கும். இந்தத் தலைகீழ்க் கணக்கில் தடுமாறியவர்கள் நிறையப் பேர்.

புது வயர்களில் மேலுறையின் நிறத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்: வெள்ளை 14, மஞ்சள் 12, ஆரஞ்சு 10. பழைய வண்டிகளில் எல்லாமே வெள்ளையாக இருக்கும். அதனால் நிறத்தை நம்பாமல் உறைமேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஒரே லைனில் 12 கேஜும் நடுவில் யாரோ ஒட்டுப்போட்ட 14 கேஜும் இருந்தால் அது 15 ஆம்ப் லைன்தான். தடித்த வயருக்குச் சின்ன பிரேக்கர் போடுவதில் தவறே இல்லை.

3. 30 ஆம்ப் ஆர்.வி., 50 ஆம்ப் ஆர்.வி. என்கிறார்களே, 20 ஆம்ப்தானே வித்தியாசம்?

வித்தியாசம் அதைவிடப் பெரிது. 30 ஆம்ப் வண்டிக்கு வருவது ஒரே ஒரு 120 வோல்ட் லைன், அதாவது 3,600 வாட். 50 ஆம்ப் வண்டிக்கு 50 ஆம்ப் வீதம் இரண்டு 120 வோல்ட் லைன்கள் வருகின்றன, மொத்தம் 12,000 வாட். அதனால்தான் 50 ஆம்ப் வண்டியில் இரண்டு ஏ.சி. ஓடும், 30 ஆம்ப் வண்டியில் ஒன்று ஓட்டும்போதே மற்றவற்றைக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

4. வீட்டு வாசலில் 30 ஆம்ப் பிளக் வைக்க எலக்ட்ரீஷியன் வருகிறார். அவரிடம் என்ன சொல்லணும்?

"டி.டி.-30 (TT-30) பிளக், 120 வோல்ட், ஒற்றை போல் 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் வயர்." இதை எழுதியே கொடுத்துவிடுங்கள். 30 ஆம்ப் என்றதும் துணி உலர்த்தும் டிரையருக்கான 240 வோல்ட் இணைப்பு என்று நினைத்து இரட்டை போல் பிரேக்கர் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதில் வண்டியைச் செருகினால் 120 வோல்ட் சாதனங்களுக்குள் 240 வோல்ட் போகும். கன்வெர்ட்டர் (120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் கருவி), மைக்ரோவேவ், டி.வி. எல்லாம் நொடியில் போய்விடும். பிரேக்கர் இதைத் தடுக்காது, அதற்கு ஆம்ப் மட்டும்தான் தெரியும், வோல்ட் தெரியாது.

வேலை முடிந்ததும் அவர் எதிரிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். ஹாட்டுக்கும் (நம் ஊர் ஃபேஸ்) நியூட்ரலுக்கும் இடையே 120 காட்ட வேண்டும், ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 120 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே சுழியம் அல்லது அதற்கு மிக அருகில் இருக்க வேண்டும். எங்கேயாவது 240 தெரிந்தால் வண்டியைச் செருகாதீர்கள்.

5. பிரேக்கரில் 30 என்று போட்டிருக்கிறது. அப்போ 30 ஆம்ப் வரை நாள் முழுக்க ஓட்டலாமா?

கூடாது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் லோடு பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 30-க்கு அது 24 ஆம்ப். 13,500 பி.டி.யு. கூரை ஏ.சி. சுமார் 13 ஆம்ப் எடுக்கும், 1,440 வாட் வாட்டர் ஹீட்டர் 12 ஆம்ப், மைக்ரோவேவ் இன்னொரு 12 அல்லது 13. ஏ.சி.யும் ஹீட்டரும் சேர்ந்தாலே 25 ஆகிவிடுகிறது, அதற்கு மேல் மைக்ரோவேவை அழுத்தினால் பிரேக்கர் விழத்தான் செய்யும். கோடையில் வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரேக்கருக்குள் சூட்டில் வளையும் ஓர் உலோகப் பட்டை இருக்கிறது. அது சூடாக நேரம் எடுத்துக்கொள்ளும். 135 சதவீத லோடில், அதாவது 30 ஆம்ப் பிரேக்கரில் 40 ஆம்ப் ஓடினால், ஒரு மணி நேரத்துக்குள் அது விழ வேண்டும் என்பதே தரவிதி. ஆகவே "விழவில்லை, அதனால் பரவாயில்லை" என்று எண்ண வேண்டாம். ஷார்ட் சர்க்யூட்டுக்கு உள்ளே தனியாக மின்காந்தம் உண்டு, அது கண நேரத்தில் துண்டித்துவிடும்.

6. டிரிப் ஆவதைத் தவிர்க்க ஒரு சைஸ் பெரிய பிரேக்கர் போட்டால் என்ன?

முதல் பதிலில் சொன்ன பழுப்பேறிய பலகையை நினைத்துப் பாருங்கள். பேனலிலிருந்து கடைசி பிளக் வரை வயர் முழுதும் அந்தப் பெரிய அளவைத் தாங்கும் என்று கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஏ.சி. போன்றவற்றின் தகட்டில் அதிகபட்ச பிரேக்கர் அளவு அச்சிட்டிருக்கும், அதையும் தாண்டக் கூடாது.

7. லோடு 22 ஆம்ப்தான் காட்டுகிறது. ஆனாலும் மதியம் இரண்டு மணி ஆனால் கேம்ப்கிரவுண்ட் பிரேக்கர் விழுகிறதே, ஏன்?

என்னை அதிகம் அலைக்கழித்த விஷயம் இது. ஒரு ஜூலை மாதம் டெக்சாஸில் இதே நிலை. என் வண்டிக்குள் இருந்த பிரேக்கர் ஒன்றும் செய்யவில்லை, வண்டியைச் செருகும் முகாம் மின்கம்பத்தில் (பெடஸ்டல்) இருந்த பிரேக்கர் மட்டும் மீண்டும் மீண்டும் விழுந்தது. மூன்றாவது முறை பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. கழற்றினால் ஒரு பின் கருத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகியிருந்தது.

நடந்தது இதுதான். வருடக்கணக்கில் ஆயிரம் பேர் செருகிக் கழற்றிய சாக்கெட்டில் பிடிமானம் தளர்ந்திருக்கும். தளர்ந்த தொடர்பில் மின்தடை கூடும், அங்கே சூடு பிறக்கும். அந்தச் சூடு உள்ளிருக்கும் சிறு வயர் வழியாக பிரேக்கருக்கே ஏறும். பிரேக்கரின் உலோகப் பட்டைக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வளைந்துவிடும். போதாததற்கு, 40 டிகிரி செல்சியஸைக் கணக்கில் வைத்து அளவிட்ட பிரேக்கர் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் அதைவிட அதிகச் சூட்டில் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றும் சேரும். மதியம் எல்லா வண்டிகளிலும் ஏ.சி. ஓடும்போது முகாமின் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் கூடுதல் கரன்ட் இழுக்கும். நல்ல ஈ.எம்.எஸ். பாதுகாப்புக் கருவி இருந்தால் 104 வோல்ட் அளவுக்குக் கீழே இறங்கும்போது அதுவே துண்டித்துவிடும். செய்ய வேண்டியது: செருகும் முன் பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள், பின்களைப் பளபளப்பாகத் துடையுங்கள், செருகும்போது இறுக்கமாக இல்லையென்றால் அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள். ஏ.சி. ஓடத் தொடங்கி அரை மணியில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கருத்துப்போன பிளக்கை மாற்றியே ஆக வேண்டும், அது அடுத்த முகாமின் நல்ல சாக்கெட்டையும் கெடுக்கும்.

8. கடையில் கிடைக்கும் எந்த 20 ஆம்ப் பிரேக்கரும் சரிதானே? ஊரிலிருந்து எம்.சி.பி. கொண்டுவந்து போடலாமா?

பேனல் கதவின் உட்புறத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். எந்தெந்த நிறுவனத்தின் எந்த வகை பிரேக்கர் பொருந்தும் என்று அதில் இருக்கும். ஈட்டன், சீமென்ஸ், ஸ்கொயர் டி எல்லாம் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும், செருகினால் உட்காரவும் செய்யும். ஆனால் பஸ்பாரை (பேனலுக்குள் மின்சாரம் தரும் உலோகப் பட்டை) பிடிக்கும் பிடி சரியாக அமையாமல் போகலாம். தளர்ந்த பிடியில் என்ன நடக்கும் என்று ஏழாவது பதிலில் பார்த்தோம்.

நம் ஊர் எம்.சி.பி. உலோகச் சட்டத்தில் (டின் ரெயில்) மாட்டும் வகை, இந்தப் பேனல்களில் பொருந்தாது. இங்கே சோதித்துப் பட்டியலிட்ட பாகங்களைத்தான் விதி ஏற்கும், காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் கேட்கும்.

9. பேனலில் இடமே இல்லை. ஒரே இடத்தில் இரண்டு சுவிட்ச் இருக்கும் பிரேக்கர் போட்டு லைன் கூட்டலாமா?

அதற்கு டேண்டம் பிரேக்கர் என்று பெயர். ஆர்.வி. பேனல்களில் நிறையவே பயன்படுகிறது. லேபிள் அனுமதித்தால் போடலாம். ஆனால் என்.இ.சி. 551-ஆம் பிரிவின்படி 30 ஆம்ப் வண்டிக்குச் சாதாரணமாக 15 அல்லது 20 ஆம்பில் ஐந்து லைன்கள் வரைதான். லைன் கூடினாலும் வெளியிலிருந்து வருவது அதே 30 ஆம்ப்தான் என்பதை மறக்க வேண்டாம்.

10. ஜி.எஃப்.சி.ஐ.யும் நம்ம ஊர் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றா? அது இருந்தால் பிரேக்கர் வேண்டாமா?

வேலை செய்யும் விதம் ஒன்றுதான்: போன கரன்ட் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்க்கிறது, கசிந்தால் துண்டிக்கிறது. நம் வீடுகளில் வைக்கும் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்ப், இங்கே ஜி.எஃப்.சி.ஐ. 4 முதல் 6 மில்லி ஆம்பிலேயே துண்டிக்கும். இது மனிதருக்கான காவல். ஓவர்லோடு ஆனால் இதற்குத் தெரியாது, ஆகவே இரண்டும் வேண்டும்.

11. வீட்டு கராஜ் பிளக்கில் வண்டியைச் செருகியதுமே ஜி.எஃப்.சி.ஐ. விழுகிறது. வண்டியில் எல்லா பிரேக்கரையும் ஆஃப் பண்ணினாலும் விழுகிறது!

இதில் பலரும் குழம்பிப் போகிறார்கள். வண்டியின் பிரேக்கர்கள் ஹாட் வயரை மட்டும்தான் துண்டிக்கின்றன, நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். எல்லாம் ஆஃப் ஆன பின்னும் விழுகிறதென்றால், வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் கிரவுண்டும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஆர்.வி. பேனலில் இந்த இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். அவை சேரும் இடம் வீட்டின் முதன்மைப் பேனல் அல்லது முகாமின் மின்அமைப்பு. வீட்டுப் பேனல் பழக்கத்தில் யாரோ இரண்டையும் ஒரே பட்டையில் கட்டியிருப்பார்கள்.

எல்லாம் ஆஃப் செய்தபோது நின்று, குறிப்பிட்ட ஒன்றைப் போடும்போது மட்டும் விழுந்தால் அந்த லைனில் கசிவு. முதலில் சந்தேகப்பட வேண்டியது வாட்டர் ஹீட்டரின் எலிமென்ட். ஜி.எஃப்.சி.ஐ. இல்லாத பிளக்குக்கு மாற்றித் தப்பிக்காதீர்கள், வண்டியின் உலோக உடம்பிலேயே மின்சாரம் ஏறியிருக்கலாம்.

12. 12 வோல்ட் ஷாக் அடிக்காதே, அதற்கு எதற்கு ஃபியூஸ்?

ஷாக் அடிக்காது, தீ வைக்கும். பேட்டரியின் இரு முனையும் ஒட்டினால் நூற்றுக்கணக்கில் ஆம்ப் பாயும், பேட்டரி பெரிதானால் ஆயிரத்தையும் தாண்டும். பேட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் வயரில் 18 அங்குலத்துக்குள் ஃபியூஸோ பிரேக்கரோ இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது, அதனால் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ்களை நிறத்தாலேயே அறியலாம்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. கன்வெர்ட்டர் பேனலில் தனியாக இருக்கும் பெரிய ஃபியூஸ்கள் பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால் எரிந்துபோவதற்காக வைத்தவை. பேட்டரி மாற்றிய பிறகு எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் அவற்றை முதலில் பாருங்கள்.

13. 120 வோல்ட்டுக்கான பிரேக்கர் வீட்டில் சும்மா கிடக்கிறது. 12 வோல்ட் பேட்டரி லைனில் போட்டால்? வோல்டேஜ் குறைவுதானே, அண்ணா.

ஏ.சி. மின்சாரம் (இங்கே குளிர்சாதனம் அல்ல, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) ஒரு நொடியில் 120 முறை சுழியத்தைத் தொட்டுப் போகிறது. பிரேக்கரின் முனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி அந்தச் சுழியத்தில் தானாக அணையும். பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரமான டி.சி.யில் அந்தச் சுழியமே கிடையாது, பொறி எரிந்துகொண்டே இருந்து முனைகளை ஒட்டவைத்துவிடலாம். டி.சி. வோல்டேஜும் துண்டிக்கும் திறனும் அச்சிட்டிருக்கும் பிரேக்கரை மட்டும் போடுங்கள்.

14. பேட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு திருகுள்ள சின்ன உலோகப் பெட்டி இருக்கே, அதுதான் பிரேக்கரா?

ஆமாம். அதில் மூன்று வகை உண்டு. முதல் வகை ஆறியதும் தானே இணைந்துகொள்ளும். இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்தும்வரை இணையாது. மூன்றாவது, நீங்கள் பொத்தானை அழுத்தினால்தான் இணையும். டிரெய்லர்களில் பெரும்பாலும் முதல் வகையைத்தான் பார்த்திருக்கிறேன். ஷார்ட் நிரந்தரமாக இருந்தால் அது விட்டு விட்டு இணைந்து வயரைச் சுட்டுக்கொண்டே இருக்கும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். என் வண்டியில் மூன்றாவது வகைக்கு மாற்றிவிட்டேன். பேட்டரியும் கேஸ் சிலிண்டரும் அருகருகே இருக்கும் முன்பகுதியில், வெளியே பொறி விடாத மூடிய வகையாகத் தேர்ந்தெடுங்கள்.

15. யோசெமிட்டி போகிறோம், அங்கே ஹூக்கப் (வண்டிக்கான மின் இணைப்பு) இல்லையாம். லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர் போடப் போகிறேன். எந்த ஃபியூஸ்?

கணக்கை நீங்களே போடலாம். 2000-ஐ 12-ஆல் வகுத்தால் 167 ஆம்ப். இன்வெர்ட்டரின் திறன் 90 சதவீதம் என்றால் 185 ஆகும். கால் பங்கு கூட்டினால் 231, அதற்கு அடுத்த அளவு 250. கேபிள் அந்த 250-ஐத் தாங்க வேண்டும். 105 டிகிரி தாங்கும் உறை கொண்ட 2/0 அல்லது 4/0 அளவுத் தடித்த கேபிளைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள், உங்கள் இன்வெர்ட்டரின் கையேட்டில் இருப்பதே இறுதி.

ஆம்ப் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. லித்தியம் பேட்டரிகள் ஷார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்கில் ஆம்ப் தரும். அதைத் துண்டிக்கும் திறன் ஃபியூஸுக்கு இருக்க வேண்டும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் சுமார் 20,000 ஆம்ப் வரை துண்டிக்கும். விலை அதிகம்தான், இருந்தாலும் இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத டி.சி. பிரேக்கர் ஒன்றை முன்பு போட்டிருந்தேன், பாதி லோடிலேயே கை சுடும் அளவுக்குக் காய்ந்தது.

16. பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

பி.எம்.எஸ். செல்களைப் பாதுகாக்க வைத்த மின்னணுப் பலகை. அதிலுள்ள மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) கெட்டால் மூடிய நிலையிலேயே நின்றுவிடலாம், அப்போது துண்டிக்க எதுவும் இருக்காது. இன்னொன்று, 100 ஆம்ப்-அவர் பேட்டரி பலவற்றின் பி.எம்.எஸ். 100 ஆம்ப் வரைதான் விடும். 15-ஆவது பதிலின் 185 ஆம்புக்கு அப்படிப்பட்ட ஒன்று போதாது, குறைந்தது இரண்டை இணையாகப் போட வேண்டும்.

17. 30 ஆம்ப் வண்டியை அடாப்டர் வைத்து 50 ஆம்ப் பெடஸ்டலில் செருகினால் வண்டிக்கு ஆபத்தா?

வண்டிக்குள் இருக்கும் 30 ஆம்ப் முதன்மை பிரேக்கர் ஓவர்லோடைப் பார்த்துக்கொள்ளும், அதனால் எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன். கவனிக்க வேண்டியது நடுவில் கிடக்கும் கேபிள். அது 10 கேஜ், அதற்கு மேலே இருப்பதோ 50 ஆம்ப் பிரேக்கர். கேபிளின்மேல் வண்டி ஏறியோ உறை தேய்ந்தோ பழுதானால் காப்பாற்ற வேண்டியது அந்த 50-தான். ஆகவே கேபிளைச் சுருட்டி வைக்காமல் விரித்துப் போடுங்கள், உறையை முழு நீளத்துக்கும் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

18. ஊரிலிருந்து கொண்டுவந்த 750 வாட் மிக்ஸி, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சைப் போட்டதுமே பிரேக்கர் விழுகிறது. மிக்ஸியை இன்னும் ஆன் கூடப் பண்ணவில்லை!

மிக்ஸிமேல் தவறில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தக் கணத்தில் அதன் இரும்பு மையம் காந்தமேறுவதற்காகப் பெரிய கரன்ட்டை ஒரு துடிப்பாக இழுக்கும். ஐந்தாவது பதிலில் சொன்ன மின்காந்தம் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொள்கிறது. சில முறை விழும், சில முறை விழாது, சுவிட்ச் போடும் தருணத்தைப் பொறுத்தது. அதே லைனில் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். இட்லிக்கு மாவரைக்க அடிக்கடி தேவைப்பட்டால் இங்கேயே விற்கும் 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டரை வாங்குவது மேல். இதற்காக பிரேக்கரைப் பெரிதாக்குவது பற்றி ஆறாவது பதிலைப் பாருங்கள்.

19. எல்லாம் சரியாகத்தான் போட்டோம். இரண்டு வருடம் கழித்து பிரேக்கர் பக்கம் கருகல் வாசனை வருகிறது. எப்படி?

வீடு ஓரிடத்தில் நிற்கிறது, ஆர்.வி. மணிக்கு 60 மைலில் குலுங்கிக்கொண்டு போகிறது. பிரேக்கர் திருகு, நியூட்ரல் பட்டைத் திருகு, டிரான்ஸ்ஃபர் சுவிட்சின் (வெளி மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சுவிட்ச்) முனைகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். 50 ஆம்ப் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் உருகிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நியூட்ரல் தளர்ந்தால் இன்னும் மோசம்: இரண்டு லைனும் சமநிலை இழந்து ஒன்றில் வோல்டேஜ் 120-ஐத் தாண்டி எகிறும், எந்த பிரேக்கரும் விழாது.

வாசனை வந்த வண்டியில் இப்போதே வெளிக்கேபிளைக் கழற்றிவிடுங்கள். கருகிய முனையை இறுக்கிச் சமாளிக்க முடியாது. பிரேக்கரை மாற்ற வேண்டும், வயரின் கருகிய பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவ வேண்டும், பஸ்பார் குழிவிழுந்திருந்தால் பேனலையே மாற்ற வேண்டும். நல்ல வண்டியில் ஆண்டுக்கு ஒருமுறை, சீசன் தொடங்கும் முன், லேபிளில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு திருகையும் சரிபாருங்கள். எங்கள் வண்டியில் ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டு மூன்று திருகுகளாவது கால் சுற்று உள்ளே போகின்றன.